சரித்திர நாவலைக் கைப்பிரதியிலிருந்து புத்தகம்வரை கொண்டுசெல்வது எப்படி? சென்னை எழுத்தாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

முதல் சரித்திர நாவலை எழுதி முடித்தவர்களில் பலர் அதன்பின் ஒரே வரிசையில்தான் நடக்கிறார்கள். முதலில் அட்டைப்படத்தை யோசிக்கிறார்கள். அடுத்து, பெயர்பெற்ற ஒருவரிடம் அணிந்துரை கேட்கிறார்கள். அது கிடைத்ததும் நாலைந்து பதிப்பகங்களுக்கு முழுக் கைப்பிரதியையும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பதில் வராமல் போகவே சொந்தச் செலவில் அச்சிட்டு, ஒரு வெளியீட்டு விழாவும் வைத்து, எஞ்சிய பிரதிகளைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன்னரே நாவலை வரி வரியாகப் படித்து, முகத்துக்கு நேரே குறை சொல்லும் சக எழுத்தாளர்களுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. தமிழ்ப் பதிப்புலகில் எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் நடுவே நின்று பேசும் இலக்கிய முகவர்கள் மிக அரிது. ஒரு புதியவரின் கைப்பிரதியைப் பதிப்பாளர் எடுத்துப் படிக்கிறாரா என்பது, அதை ஏற்கெனவே படித்த இன்னொரு எழுத்தாளர் சொல்லும் ஒரு வார்த்தையைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. ஆகவே, சக எழுத்தாளர்களின் வாசிப்பை முதலிலும் பதிப்பகத்தைக் கடைசியிலும் வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. அந்த வரிசையை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

முதல் படி: காலத்தையும் இடத்தையும் சுருக்கிக்கொள்ளுங்கள்

"சோழர் காலத்து நாவல்" என்பது ஒரு திட்டம் ஆகாது. விசயாலயனுக்கும் மூன்றாம் இராசேந்திரனுக்கும் நடுவே நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. நாவலாசிரியருக்கு வேண்டியது ஓர் ஊர், சில ஆண்டுகள், ஆதாரங்கள் பேசாமல் விட்ட ஓர் இடம். இவற்றுள் மூன்றாவதே முக்கியமானது. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கும் உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களையும் அவர்களுடைய உடைமைகளுக்கு நேர்ந்ததையும் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்பதைச் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் பல எழுத்தாளர்கள் புகுந்தார்கள். இன்று அங்கே நெரிசல் அதிகம்.

சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய உத்திரமேரூரில் இன்னொரு மௌனம் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இரண்டு உள்ளன: ஒன்று 919ஆம் ஆண்டுக்குரியது, மற்றொன்று 921ஆம் ஆண்டுக்குரியது. ஊர்ச் சபையின் நிர்வாகக் குழுக்களான வாரியங்களில் இடம்பெறுவோரின் வயது வரம்பு முதலாவதில் 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் மீண்டும் இடம்பெறக் கூடாது என்றும் விதி இருக்கிறது. இரண்டே ஆண்டுகளில் ஒரு சபை தன் விதிகளை ஏன் திருத்தியது? யார் கணக்குக் காட்டாமல் போனார்கள்? அந்த மனிதருடைய மருமகன் என்ன ஆனான்? ஒரு போர்க்களமும் இல்லாமல், பட்டத்து இளவரசி ஒருத்தியும் வராமல், முழு நாவலுக்கு இது போதும்.

அரசர்களே வேண்டாம் என்பவருக்குச் சென்னையே களமாக இருக்கிறது. 1707இல், தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது, எந்தச் சாதியார் எந்தத் தெரு வழியாகத் திருமண ஊர்வலம் போகலாம் என்ற தகராறில் கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்தில், வலங்கையர், இடங்கையர் என்ற இரு சாதி அணியினரும் மோதிக்கொண்டார்கள். வலங்கையர் பலர் நகரை விட்டே சாந்தோமுக்கு வெளியேறினார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர் வசம் போய் 1749இல் மீண்ட நகரம், 1876-78 தாது வருஷப் பஞ்சம், 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வீசிய குண்டுகள், 1921 பெரம்பூர் ஆலை வேலைநிறுத்தம் என்று பின்னும் எத்தனையோ உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் ஆவணம் இருக்கிறது. படிக்க வேண்டிய அலுவலகங்களும் நூலகங்களும் பேருந்தில் போய்வரும் தூரத்திலேயே இருக்கின்றன.

இரண்டாம் படி: சென்னையில் ஆதாரம் கிடைக்கும் இடங்கள்

முன்னோடி நாவல்களைப் படித்துவிட்டு அதையே வரலாறாக எடுத்துக்கொள்வது இத்துறையின் மிகப் பழைய நோய். கல்கியின் வந்தியத்தேவனுக்குக் கல்வெட்டு ஆதாரம் உண்டு. குந்தவையாரின் கணவராகத் தஞ்சைக் கல்வெட்டு அவரைக் குறிக்கிறது. நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் ஆசிரியரின் கற்பனை. புதிதாக எழுதுகிறவர் நந்தினியின் சதியை நடந்த செய்தியாகக் கொண்டு தன் கதையைக் கட்டினால், விவரமறிந்த முதல் வாசகரே கைப்பிரதியைக் கீழே வைத்துவிடுவார். கற்பனை செய்வதில் தவறே இல்லை. யாருடைய கற்பனை என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனவே மூலத்துக்குப் போக வேண்டும். கல்வெட்டுகளுக்கு, 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளும் ஆண்டறிக்கைகளும் அடிப்படை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் உள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மாவட்ட வாரியாகவும் வெளியிட்டிருக்கிறது. சென்னை மாநகர்க் கல்வெட்டுகளுக்குத் தனி நூலே உண்டு. கல்வெட்டுத் தமிழ் முதலில் மிரட்டும், எ. சுப்பராயலுவைப் பதிப்பாசிரியராகக் கொண்ட தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சில வாரங்களில் பழகிவிடும். ஆட்சியாண்டு, நட்சத்திரம், திதி, கிழமை ஆகியவற்றிலிருந்து ஆங்கிலத் தேதியைக் கணிக்க எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகள் இன்றும் உதவுகின்றன. கதையில் "அன்று பௌர்ணமி" என்று எழுதும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம்.

எழும்பூர் ஒரே வட்டாரத்தில் மூன்று வேலைகளை முடித்துத் தரும். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆலோசனைக் குறிப்பேடுகள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இருக்கின்றன. அவற்றில் பல அச்சாகியும் வந்திருப்பதால், மூலப் பதிவேட்டைக் கேட்கும் முன் அச்சுப் பிரதி உண்டா என்று விசாரிப்பது நல்லது. அடையாளச் சான்றும், எதைத் தேடுகிறீர்கள் என்று விளக்கும் கடிதமும் எடுத்துச் செல்லுங்கள். "நாவல் எழுதுகிறேன்" என்று கூச்சமின்றி எழுதலாம். ஆனால் எந்த ஆண்டு, எந்தத் துறை என்பதைத் தெளிவாகக் குறிக்காவிட்டால் ஊழியர்களால் உதவ முடியாது. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூலகத்தில் பழைய மாவட்டக் கையேடுகளும் கெசட்டியர்களும், எச். டி. லவ் 1913இல் எழுதிய பழைய சென்னை வரலாறும் கிடைக்கும். மறைமலையடிகள் நூலகத்தின் சேகரிப்பும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. பக்கத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியிலும் செப்புத் திருமேனிகள் கூடத்திலும் ஒரு முழு நாளைச் செலவிடுங்கள். ஓர் அரசி காதில் என்ன அணிந்தாள், ஆடை எந்த இடத்தில் முடிந்தது என்பதைத் திருமேனிகளைப் போல எந்தப் புத்தகமும் காட்டாது.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இயங்குகிறது. கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி திரட்டிய ஊர் வரலாற்றுக் குறிப்புகள் அங்கே உள்ளன. பாளையக்காரர் காலத்தையோ விசயநகரத்துக்குப் பிந்தைய தொண்டை நாட்டையோ எழுதுகிறவருக்கு அவை பெருஞ்செல்வம். பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டைத் தேர்ந்தவர்கள் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போக வேண்டும். பழைய இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள், தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீசுகள் என்று அந்தக் காலத்து மக்கள் பேசிய தமிழே அங்கே காத்திருக்கிறது. பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் நூலகம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஏராளமான பழைய நூல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

ஒவ்வொரு செய்தியையும் எடுத்த இடத்தின் பெயர், தொகுதி, பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். பின்னாளில் வாசக வட்டத்திலும் பதிப்பகத்திலும் எழும் முதல் கேள்வி "இது எங்கே இருக்கிறது?" என்பதாகவே இருக்கும்.

மூன்றாம் படி: அன்றாட வாழ்க்கைக்கு ஒரு தணிக்கை

கைப்பிரதியை யாரிடமும் காட்டும் முன் இந்தத் தணிக்கையை நீங்களே செய்துவிட வேண்டும். பெரிய வரலாற்றுப் பிழைகளைவிடச் சிறிய பொருள்களே அதிகம் காட்டிக்கொடுக்கின்றன. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா, புகையிலை ஆகியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக இங்கே வந்தவை. பதினாறாம் நூற்றாண்டுக்கு முந்தைய அடுக்களையில் மிளகுதான் காரம். உணவில் கவனமாக இருப்பவர்கள்கூடத் தாவரங்களில் சறுக்கிவிடுகிறார்கள். ஒற்றன் ஒளிந்துகொள்ளும் சப்பாத்திக்கள்ளிப் புதரும், கோயில் வாசலில் விற்கும் செண்டுமல்லியும் அதே கண்டத்திலிருந்து வந்தவை. சீமைக் கருவேலமும் தைலமரமும் இன்னும் பிந்தியவை.

நேரத்துக்கு நாழிகை உண்டு; ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்று ஒரு படைத்தலைவன் பேசக் கூடாது. பொன்னைக் கழஞ்சிலும் மஞ்சாடியிலும் நிறுத்தார்கள். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. நிலம் வேலியிலும் மாவிலும், நெல் கலத்திலும் குறுணியிலும் அளக்கப்பட்டது. பாத்திரங்களின் பேச்சில் ஜன்னல், சாவி, அலமாரி, மேசை போன்ற போர்ச்சுக்கீசியச் சொற்களும் வசூல், பாக்கி, தயார் போன்ற அரபு, பாரசீகச் சொற்களும் பிற்காலத்தவை. கம்பெனிக் காலக் கதையில் அவை பொருந்தும், பல்லவர் காலத்தில் பொருந்தா. ஐயம் வரும் ஒவ்வொரு சொல்லையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் பார்த்துவிடுங்கள்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. தணிக்கையில் வெற்றி பெற்ற ஆசிரியர், தான் தேடிய அத்தனை விவரத்தையும் பக்கத்தில் கொட்டிவிடுகிறார். அரசு வாங்கிய ஒரு வரியின் பெயரைச் சொன்னால் போதும் என்ற இடத்தில் ஒன்பது வரிகளின் பெயர்களைப் பட்டியலிடுகிறார். குதிரையில் போகிறவன் வழியில் ஒவ்வோர் ஊரின் நாட்டுப் பிரிவையும் வளநாட்டையும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே போவதில்லை.

நான்காம் படி: வாசக வட்டம்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். ஐந்து பேர் போதும். எட்டுப் பேருக்கு மேல் போனால் அது கூட்டமாகிவிடும். அவர்களுள் ஒருவர் உங்களைப் போலவே நாவல் எழுதிக்கொண்டிருப்பவராகவும், ஒருவர் அந்தக் காலத்தைப் பயின்றவராகவும், ஒருவர் மொழியில் கூர்மையானவராகவும், ஒருவர் சரித்திரக் கதையே படிக்காதவராகவும் இருப்பது நல்லது. கடைசியாகச் சொன்னவரை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எங்கே சலிப்புத் தட்டியது என்பதை ஒளிக்காமல் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. குடும்பத்தாரை இதில் சேர்க்க வேண்டாம்.

இவர்களை எங்கே கண்டுபிடிப்பது? சென்னையில் வார இறுதி ஒன்றுகூட இலக்கியக் கூட்டம் இல்லாமல் கழிவதில்லை. கே. கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸிலும், திருவான்மியூர் பனுவல் புத்தக நிலையத்திலும், மயிலாப்பூர் கவிக்கோ மன்றத்திலும், அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கிலும் நூல் அறிமுகங்களும் விவாதங்களும் நடக்கின்றன. தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளையின் மாதாந்திர உரைகளுக்குக் கல்வெட்டிலும் கலை வரலாற்றிலும் ஈடுபாடு கொண்டவர்கள் வருகிறார்கள். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம், கலை இலக்கியப் பெருமன்றம் ஆகியவற்றுக்குக் கிளைகள் உண்டு. ஆகஸ்டு மாதத்தில் சென்னை தினத்தை ஒட்டி நடக்கும் நடைப்பயணங்களில் நகர வரலாற்று ஆர்வலர்களைச் சந்திக்கலாம். எங்கே போனாலும் முதல் சில மாதங்கள் உங்கள் கைப்பிரதியைப் பற்றிப் பேச வேண்டாம். அடுத்தவர் நூல் விவாதிக்கப்படும்போது அதைப் படித்துவிட்டுப் போங்கள். கேள்வி நேரத்தில் பக்க எண்ணைச் சொல்லி ஒரு நல்ல கேள்வி கேளுங்கள். கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நிற்கும்போது, "நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்?" என்று அவர்களே கேட்பார்கள். இந்த ஊரில் பாதி இலக்கியம் அந்தத் தேநீர்க் கடையில்தான் நடக்கிறது.

வட்டம் அமைந்தபின் சில நடைமுறைகளை முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு சந்திப்பு. ஒவ்வொரு முறையும் ஒருவருடைய இரண்டு அல்லது மூன்று அத்தியாயங்கள். ஒரு வாரம் முன்பாகவே எல்லார் கைக்கும் பிரதி போய்விட வேண்டும். படிக்காமல் வந்தவர் அன்று கருத்துச் சொல்லக் கூடாது. எழுதியவர், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. இதுதான் மிகவும் கடினமான விதி. இதுவே மிகவும் பயனுள்ளதும்கூட. "அதற்கு விளக்கம் பின்னால் வருகிறது" என்று ஆசிரியர் ஒருமுறை எழுந்து சொல்லிவிட்டால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். புத்தகம் வாங்கிய வாசகருக்கு அருகில் உட்கார்ந்து ஆசிரியர் விளக்கம் சொல்லப்போவதில்லை.

கருத்துச் சொல்பவருக்கும் கடமை உண்டு. "நன்றாக இருக்கிறது", "நடை சரியில்லை" ஆகிய இரண்டும் பயனற்ற வாக்கியங்கள். எந்தப் பத்தியில் நம்பிக்கை உடைந்தது, எந்தப் பாத்திரத்தின் பெயர் குழப்பியது, எந்த இடத்தில் பக்கத்தைத் தள்ளிவிடத் தோன்றியது என்று சொல்ல வேண்டும். பெயர்க் குழப்பம் சரித்திர நாவலுக்கே உரிய நோய். இரண்டு பராந்தகர்கள், மூவேந்தவேளான் என்ற பட்டம் பெற்ற மூன்று அதிகாரிகள், ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் என்று வரும்போது வாசகர் திணறுகிறார். யாரை எந்தப் பெயரால் கடைசிவரை அழைப்பது என்பதை வட்டத்தின் முன் வைத்தே முடிவு செய்யலாம்.

கிடைத்த கருத்துகளை எல்லாம் ஏற்க வேண்டியதில்லை. ஒரே இடத்தை மூவர் சுட்டினால் அந்த இடத்தில் கோளாறு இருக்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருந்தாலும் நோய் அங்கேதான். ஒருவர் மட்டும் சொன்னதை ஒரு மாதம் ஆறப் போட்டுப் பாருங்கள். பிறர் எழுத்தை நீங்கள் எவ்வளவு கவனமாகப் படிக்கிறீர்களோ, அந்த அளவுக்கே உங்கள் எழுத்தும் படிக்கப்படும் என்பதால், மற்றவர்களுடைய அத்தியாயங்களுக்கு உங்கள் அத்தியாயத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது ஒதுக்குங்கள்.

சாதி, சமயம், போரில் பெண்களுக்கு நேர்ந்தவை ஆகியவற்றை எழுதும் அத்தியாயங்களை, அந்தச் சமூகத்திலிருந்து வந்த ஒரு வாசகராவது அச்சுக்கு முன் படித்திருக்க வேண்டும். பழைய ஆவணங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் நிலமும் அதிகாரமும் உடையவர்கள். அவர்கள் கண்ணால் பார்த்ததையே திருப்பி எழுதினால், நாவல் ஆயிரம் ஆண்டுப் பழைய தப்பெண்ணத்துக்குப் புதுப் பதிப்புப் போட்டதாகிவிடும்.

ஐந்தாம் படி: மூத்தவர்களை அணுகும் முறை

மூத்த எழுத்தாளரிடமோ ஆய்வாளரிடமோ அறுநூறு பக்கக் கைப்பிரதியை நீட்டி அணிந்துரை கேட்பது அவரைச் சங்கடத்தில் தள்ளும். அவர் படிக்காமலே நாலு நல்ல வார்த்தை எழுதித் தருவார், அல்லது தொலைபேசியை எடுக்காமல் விடுவார். இரண்டாலும் நாவலுக்குப் பயன் இல்லை. சிறியதாகவும் குறிப்பாகவும் கேட்டால் பலரும் உதவுகிறார்கள். கடிதம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். மயிலாப்பூரில் வசிக்கிறேன். ஏரி வாரியம் குறித்துத் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு என் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தை முழுவதும் மாற்றி எழுதினேன். உத்திரமேரூரைக் களமாகக் கொண்ட அந்த நாவல் இப்போது முடிந்திருக்கிறது. கணக்குக் காட்டாத ஒருவரைச் சபை விசாரிக்கும் அத்தியாயத்தை மட்டும், பன்னிரண்டு பக்கம், இத்துடன் அனுப்புகிறேன். விசாரணை நடக்கும் விதம் நம்பும்படி இருக்கிறதா என்று தங்களுக்கு நேரம் அமையும்போது சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும். இயலாவிட்டாலும் குறையில்லை, ஐயா."

ஐயா, அம்மா என்று எழுதுவது எங்கும் பொருந்தும். இயக்கம் சார்ந்தவர்களுக்குத் தோழர் என்று எழுதலாம். பழகியபின் அண்ணா, அக்கா என்பது தானாக வரும், முதல் கடிதத்திலேயே வேண்டாம். பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் பிழை சுட்டினால் வாதாடாமல் நன்றி எழுதுங்கள், திருத்திய பக்கத்தை அனுப்பிவையுங்கள். இந்தச் சிறிய மரியாதையைச் செய்கிறவர்கள் குறைவு என்பதால் அது நினைவில் நிற்கும். பதிப்பாளரிடம் உங்கள் பெயரைச் சொல்வது என்பது அநேகமாக இதற்குப் பிறகு, நீங்கள் கேட்காமலே நடப்பது.

ஆறாம் படி: கடைசித் திருத்தம்

வட்டத்தின் கருத்துகளை வைத்துத் திருத்திய பிறகு, கைப்பிரதியைச் சில வாரம் மூடி வைத்துவிட்டு, ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். யூனிகோடு எழுத்துருவில், அத்தியாயப் பிரிவுகளோடு, ஒரே கோப்பாக அமைத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றை மாற்றும்போது எழுத்துகள் உடையும் என்பதால் மீண்டும் ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும். ஒற்றுப் பிழை மலிந்த முதல் பக்கத்தைப் பதிப்பாசிரியர் தாண்டுவது அரிது. நாவலின் முடிவில் இரண்டு மூன்று பக்கத்தில் ஓர் ஆசிரியர் குறிப்பு சேர்த்து, எவை ஆதாரமுள்ளவை, எவை கற்பனை, எங்கே ஆண்டுகளைக் கதைக்காக நகர்த்தினீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: பதிப்பகத்தைத் தேர்தலும் அனுப்புதலும்

ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒரு சுவை உண்டு. சரித்திர நாவல்களை நெடுங்காலமாக வெளியிடும் தியாகராய நகர் வானதி போன்றவை ஒருபுறம். இலக்கிய நாவல்களுக்குப் பெயர்பெற்ற காலச்சுவடு, உயிர்மை போன்றவை மறுபுறம். வரலாற்று நூல்களையும் நாவல்களையும் சேர்த்து வெளியிடும் கிழக்கு, புதியவர்களுக்கு இடமளிக்கும் சிறு பதிப்பகங்கள் என்று இன்னும் பல உள்ளன. கடைக்குப் போய், உங்கள் நாவல் எந்தப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட வேண்டும் என்று பாருங்கள். அந்தப் புத்தகங்களின் பதிப்பகங்கள்தாம் உங்கள் பட்டியல்.

காலமும் முக்கியம். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிதான் தமிழ்ப் பதிப்புலகின் அறுவடைக் காலம். பொங்கலை ஒட்டி நடக்கும் அதற்காக, செப்டம்பர் முதல் டிசம்பர்வரை பதிப்பகங்கள் மூச்சுவிட நேரமின்றி இயங்குகின்றன. அந்த மாதங்களில் போகும் புதிய கைப்பிரதி மேசையடியில்தான் கிடக்கும். பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் அனுப்புங்கள். புத்தகக் காட்சியின்போது அரங்குகளுக்குச் சென்று பழகலாம், நூல்கள் வாங்கலாம். கூட்ட நேரத்தில் கைப்பிரதியை மட்டும் கொடுக்க வேண்டாம்.

அனுப்ப வேண்டியவை மூன்றே: ஒரு பக்கக் கடிதம், முடிவு உட்பட முழுக் கதையையும் சொல்லும் இரண்டு பக்கச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள். கடிதத்தில் களம், காலம், மொத்தச் சொற்கள், பயன்படுத்திய முதன்மை ஆதாரங்கள், யார் யார் படித்துக் கருத்துச் சொன்னார்கள் என்பவை இருக்கட்டும். "சரித்திர நாவல் உலகில் ஒரு புதிய அத்தியாயம்" போன்ற வாக்கியங்களை நீக்கிவிடுங்கள். ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு அனுப்பினால் அதை மறைக்காமல் குறிப்பிடுங்கள். மூன்று மாதத்துக்குப் பின் விசாரிப்பது முறை.

நீளம் பற்றி ஒரு சொல். முதல் நாவலே ஐந்து பாகம் என்றால் பதிப்பாளர் தயங்குவார். வார இதழ்த் தொடர்கள் தந்த பெருங்கதைகளின் காலம் வேறு; வாரந்தோறும் காத்திருந்த வாசகர்கள் அதற்கு இருந்தார்கள். புதியவருக்கு முந்நூறு, நானூறு பக்கமே தாராளம்.

எட்டாம் படி: பணமும் ஒப்பந்தமும்

தமிழில் ராயல்டி பெரும்பாலும் விலையில் 10 விழுக்காடு. இன்று புத்தக விலை ஏறத்தாழப் பக்கத்துக்கு ஒரு ரூபாயும் சற்று மேலும் என்று வைத்தால், 400 பக்க நாவல் 450 ரூபாய் ஆகும். ஆசிரியருக்குப் பிரதிக்கு 45 ரூபாய். 300 பிரதி விற்றால் 13,500 ரூபாய். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபின் முதல் அச்சு சில நூறு பிரதிகளோடு நின்றுவிடுவது இயல்பு. நாவலை நம்பி வேலையை விடுவதாக இருப்பவர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

வாய்மொழி உடன்பாடு இன்னும் வழக்கத்தில் இருக்கிறது; நல்ல உறவு இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் கொள்கிறது. பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு சொல்லாத நிலையில், அது காலாவதியாகிறது. அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அச்சு உரிமையோடு "அனைத்து உரிமைகளும்" என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். சரித்திரக் கதைகளைத் திரைக்காரர்கள் தேடும் காலம் இது. பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதிய உடனே அது உங்களுடையது. வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டு வாரிசுகளுக்கு நீடிக்கிறது.

பணம் கேட்கும் பதிப்பகங்கள் விஷயத்தில் கறாராக இருங்கள். உங்கள் செலவில் அச்சிடுவதாக இருந்தால் அது சொந்தப் பதிப்பு. அச்சாகும் பிரதிகளும் அவற்றின் விற்பனைப் பணமும் உங்களுக்கு வர வேண்டும். அச்சுச் செலவையும் வாங்கிக்கொண்டு ராயல்டி மட்டும் தருவதாகச் சொல்கிறவரிடம், எத்தனை பிரதி, எந்தக் கடைகளில், யார் விநியோகம் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்துவிடுங்கள்.

பதிப்பகம் அமையாவிட்டால்

சொந்தமாக வெளியிடுவதில் இழுக்கு இல்லை. அதற்கு உழைப்பு வேண்டும். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடமிருந்து இலவசமாகப் பெறலாம். கடைகளும் விநியோகஸ்தர்களும் 30 முதல் 40 விழுக்காடு கழிவு கேட்பார்கள் என்பதை விலை வைக்கும்போதே கணக்கில் கொள்ளுங்கள். நூறு பிரதிகளோடு தொடங்குங்கள். கிண்டிலில் தமிழ் மின்நூலை நேரடியாக ஏற்றலாம். பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடராக எழுதி வாசகரைச் சேர்த்த பின் அச்சுக்கு வருகிறவர்களும் உண்டு. ஆனால் சில போட்டிகளும் பதிப்பகங்களும் முன்பே வெளியானவற்றை ஏற்பதில்லை என்பதால், ஏற்றும் முன் விதிகளைப் படித்துவிடுங்கள். நலிந்த பொருளாதாரமுள்ள எழுத்தாளர்கள் தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட வழங்கும் நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வரும்போது கைப்பிரதி தயாராக இருக்க வேண்டும்.

புத்தகம் வந்த பிறகு

விழா வைப்பதாக இருந்தால் பேச்சாளர்களுக்கு ஒரு மாதம் முன்பே பிரதி கொடுங்கள். வாசக வட்டத்தின் நண்பர்களை மேடையில் ஏற்றி உரையாடல் வடிவில் நடத்தினால் வாழ்த்துரைகளைவிட நாவலைப் பற்றி அதிகம் பேசப்படும். மதிப்புரைக்கு இதழ்களுக்கு இரண்டு பிரதிகள், ஆதாரம் தந்து உதவிய நூலகங்களுக்கு ஒவ்வொன்று, திருத்தம் சொன்ன மூத்தவர்களுக்குக் கையெழுத்திட்ட பிரதி என்று முதல் அச்சிலேயே ஒதுக்கி வையுங்கள். சட்டப்படி பதிப்பாளர் கன்னிமரா உள்ளிட்ட நான்கு பொது நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். சொந்தப் பதிப்பு என்றால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல் பரிசு, பொது நூலகத் துறையின் நூல் கொள்முதல் ஆகியவை வெளியான ஆண்டை வைத்தே கணக்கிடப்படுகின்றன. டிசம்பர் கடைசியில் அச்சான புத்தகத்தில் எந்த ஆண்டு போடப்படுகிறது என்பதை அச்சகத்துக்குப் போகும் முன் பதிப்பாளரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.